நிலத்தொட்டிக்குச் சொன்ன கனவு

கெர்கென்னாத் தீவில் கனவு கண்டவனை விடக் கேட்கிறவனுக்குத்தான் பயம் அதிகம். ஒருவன் காலையில் "நேத்து ஒரு கனா" என்று வாயெடுத்தால் போதும், எதிரில் இருப்பவன் தின்பதை நிறுத்திவிட்டு, "நல்லதாவே இருக்கட்டும், அல்லா நல்லதாவே ஆக்கட்டும்" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவான். பலன் சொல்லாத கனவு பறவையின் காலில் தொங்கிக்கொண்டே இருக்கும், முதல் வாய் என்ன பலன் சொல்கிறதோ அப்படியே கீழே விழும் என்பது இங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்காரன். ஐஸ் ஆலையில் மெஷின் பார்க்க வந்தவன், தலை நரைத்த பிறகும் ஊர் திரும்பாமல் ஜிலானி வீட்டு முன்னறையில் குடியிருக்கிறேன். முதலில் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தவன்தான். இப்போது சிரிப்பதில்லை.

அந்த வருஷம் செப்டம்பர் முடியப்போகிறது, ஒரு சொட்டு மழை இல்லை. பெருநிலக் கரையிலிருந்து குழாயில் வரும் தண்ணீரும் நின்று போயிருந்தது. திறந்தால் காற்றுதான் சீறும். வீட்டுக்கு வீடு முற்றத்துக்கு அடியில் வெட்டிய நிலத்தொட்டிதான் கதி. போன மாரியில் மாடியில் விழுந்த மழையை அதில் இறக்கி வைத்து, வாளியில் கயிறு கட்டி மொண்டு குடிப்பார்கள், ஆக்குவார்கள், கை கழுவுவார்கள். எனக்குச் சிறுநீரகத்தில் கல். டாக்டர் பேச்சைக் கேட்டு, படகில் வரும் பாட்டில் தண்ணீர்தான் குடிப்பேன். ஜிலானியின் தம்பி மிலாத் இதற்காகவே எனக்கு "துரை" என்று பட்டம் வைத்திருந்தான்.

மீன்பட்டி கட்டுகிற காலம் அது. பேரீச்சை மட்டைகளைக் கழித்து, நெருக்கிக் கட்டி, ஆழமில்லாத கடலில் சேற்றில் ஊன்றிச் சுவர் வைப்பார்கள். மீன் சுவரோடு சுவராக நீந்தி வந்து கடைசியில் ஓர் அறைக்குள் மாட்டிக்கொள்ளும். வந்த வழி அதற்கு மறந்துபோகும். கடலில் பட்டி போடும் இடமெல்லாம் தோட்டம் மாதிரி பாகம் பிரித்ததுதான். ஜிலானி குடும்பத்துப் பங்கு நல்ல நீரோட்டத்தில் இருந்தது. காற்று திரும்புவதற்குள் ஊன்றியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த வருஷத்து அடுப்பு எரியாது.

அன்று உச்சிவெயிலில் முற்றமெல்லாம் மட்டை கிடந்தது. அண்ணனும் தம்பியும் நிழலில் உட்கார்ந்து கழித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள், நான் பக்கத்தில் இருந்தேன்.

"இன்னும் நெருக்கிக் கட்டுலே. மீனு என்ன உன்ன மாதிரி சோம்பேறியா? இடுக்குல பூந்து போயிரும்" என்றான் ஜிலானி.

"போகட்டும், அதுக்கும் பிள்ளகுட்டி இருக்கும்லா" என்றான் மிலாத்.

அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. ஜிலானியின் மனைவி சல்ஹா மகள் ரீமை அணைத்துக்கொண்டு மதியத் தூக்கம் போட்டிருந்தாள். பொம்பளை அலறல் மாதிரியே இல்லை அது, தொண்டைக்குள்ளேயே அமுங்கி அமுங்கி வந்தது. மூன்று பேரும் ஓடினோம். எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருக்கிறது, எங்களைப் பார்க்கவில்லை. பிறகு இடப்பக்கம் திரும்பி மூன்று தடவை துப்பினாள்.

"என்ன புள்ள?" என்று ஜிலானி அவள் தோளைத் தொட்டான்.

"ஒண்ணுமில்ல."

"மதினி நெஞ்சுல சாக்குப்பேய் ஏறி உக்காந்திருப்பான். நேத்து ஆக்கின பேய்க்கணவாய் அப்படி. பல்லுக்கே மசியல, வயித்துக்கு எப்படி மசியும்?" என்றான் மிலாத்.

மற்ற நாளாக இருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து எறிந்திருப்பாள். அன்று அவனையும் ஜிலானியையும் மாறி மாறிப் பார்த்தாள். குழந்தையின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"கெட்ட கனாவா? யார்ட்டயும் சொல்லாத. ஓடுற தண்ணிட்ட சொல்லிரு, போயிரும்" என்றான் ஜிலானி.

ஊர் வழக்கம் அதுதான். ஓடும் தண்ணீரிடம் கெட்ட கனவைச் சொன்னால் தண்ணீர் அதை எடுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் இந்தத் தட்டைத் தீவில் ஆறு ஏது, வாய்க்கால் ஏது? குழாயைத் திறந்துவிட்டுத்தான் எல்லோரும் சொல்வார்கள். குழாயிலோ காற்று.

மறுநாள் நான் ஆலையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தபோது, சல்ஹா முற்றத்தில் முட்டி போட்டு நிலத்தொட்டியின் வாய்க்குள் தலையை விட்டிருந்தாள். தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் தரைக்கு அடியிலிருந்து அவள் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. ஒரு பெரிய மனுஷி கீழே உட்கார்ந்து பதில் சொல்கிற மாதிரி அந்தக் குரல் கனத்துத் திரும்பி வந்தது. நான் இருமினேன். தலையை எடுத்து மூடியைப் போட்டாள். முகம் தெளிந்திருந்தது.

"வாங்கண்ணே, குஸ்குஸ் ஆறிரும்" என்றாள்.

எல்லாம் சரியாகப் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்து ஜிலானி. மதியம் மட்டைக் குவியல் மேலேயே கண்ணயர்ந்தவன் கால் இரண்டையும் உதறிக்கொண்டு எழுந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நான் என்னவென்று கேட்கும் முன்பே கையை ஆட்டி, "கேக்காதீங்கண்ணே" என்றான். அன்று சாயங்காலம் கடலுக்குப் போய் இடம் பார்க்க வேண்டியவன் போகவில்லை. வேலி ஓரம் உட்கார்ந்து ஒரே மட்டையைச் சீவிச் சீவி ஈர்க்குச்சி ஆக்கிக்கொண்டிருந்தான். மறுநாளும் போகவில்லை. மற்ற குடும்பங்கள் கழிகளைப் படகில் ஏற்றத் தொடங்கிவிட்டன.

வாயை அடக்கத் தெரியாதவன் மிலாத்தான். சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ரீம் மட்டும் உள்ளே தூங்கினாள். கரண்டியைத் தூக்கினவன் தூக்கினபடி வைத்துக்கொண்டு, "எனக்கு ஒரு கனா வந்துச்சுய்யா" என்றான்.

"நல்லதாவே இருக்கட்டும்" என்றேன் நான்.

"நல்லதாத் தெரியல துரை. கடலு வத்திப் போச்சு. ஒரு சொட்டு இல்ல, பாசிதான் கருகருன்னு கெடக்கு. நான் நடந்தே போறேன் நம்ம பட்டிக்கு. மட்டைக்கு நடுவுல எட்டிப் பாத்தா, மீனு மாட்டுற அறையில நீங்கெல்லாம் உக்காந்து சாப்பிடுறீங்க. இதே தட்டு. தலையெல்லாம் ஈரம். மதினி முடியில இருந்து தண்ணி சோத்துல சொட்டுது. மெல்லுறீங்க, சத்தமே இல்ல. நான் கூப்பிடுறேன், ஒருத்தரும் திரும்பல. அப்புறம் யாரோ, 'வெளியில ஆரோ நிக்குது'ன்னாங்க. அண்ணன் எந்திரிச்சு..."

"மட்டைய வச்சு வாசல அடைச்சானா?" என்றான் ஜிலானி. குரல் அவனுடையதாகவே இல்லை.

மிலாத் கரண்டியைக் கீழே வைத்தான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு அடச்சது சல்ஹா. கயிறு போட்டுக் கட்டினா. என் மூஞ்சியவே பாக்கல."

"அப்போ வெளியில நின்னது?"

"நாந்தான்."

"இல்லண்ணே, நாந்தான் வெளியில நின்னேன்!"

இரண்டு பேரும் சண்டைக்குப் போகிறவர்கள் மாதிரி முறைத்துக்கொண்டார்கள். வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரத்தில், அண்ணனும் தம்பியும் ஒரே கனவுக்கு உரிமை கொண்டாடுவதைப் பார்த்தவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

"யாரும் பலன் சொல்லக்கூடாது" என்றேன். "வாயைக் கட்டுங்க."

"சொல்லல துரை. ஆனா மனசு சும்மா கெடக்குமா? பட்டிக்குள்ள போனது எதாச்சும் உயிரோட வெளிய வந்திருக்கா? அப்படிப் பாத்தா உள்ள இருக்கவங்க..." என்று மிலாத் தொடங்கினான்.

"மிலாத்!"

"சரி, சரி. இல்ல, சொந்த வீட்டுச் சாப்பாட்டுல கூப்பிட்டும் திரும்பிப் பாக்க ஆளில்லாம ஒருத்தன் நிக்கிறான்னா, அவன்தான்..."

ஜிலானி அவன் வாயைக் கையால் பொத்தினான். ஈ தட்டில் உட்கார்ந்து எழுந்தது.

பிறகு ஜிலானி என் பக்கம் திரும்பினான். "அண்ணே, உங்களுக்கு வந்துச்சா?"

"இல்லப்பா. கட்டையாத் தூங்குறேன்."

"இவருக்கு எப்படி வரும்? இவருதான் நம்ம தண்ணியக் குடிக்க மாட்டாரே" என்றான் மிலாத். அவனுக்கு அது வெறும் கேலி. சல்ஹாவின் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது.

"சல்ஹா" என்றான் ஜிலானி மெதுவாக. "நீ எந்தத் தண்ணிட்ட சொன்னே?"

அவள் முற்றத்துத் தொட்டியைப் பார்த்தாள்.

"தொட்டிக்கா? மதினி! தேங்கின தண்ணி எங்க கொண்டு போகும்? அது எடுத்து வச்சுக்கிடும்லா! நாம அதத்தானே குடிக்கோம்!" என்று கத்தினான் மிலாத்.

"குழாயில தண்ணி வரலியே, நான் எங்க போவேன்? கடல்ட்ட சொல்லலாம்னா கனாவே கடலப் பத்தினது. ஒரு வாளி மொண்டு கீழ ஊத்திச் சொல்லலாம்னு பாத்தேன். தண்ணிய வீணா ஊத்த மனசு வரல. குடிக்கவே அளந்து மொள்ளுற காலத்துல..." என்று இழுத்தாள் சல்ஹா.

"சரி விடு. கனாவத்தானே சொன்னே? பலன் ஒருத்தரும் சொல்லலியே. இன்னும் பறவை காலுலதான் தொங்குது. இத்தோட எல்லாரும் வாய மூடிக்கிட்டா ஒண்ணும் ஆகாது" என்று ஜிலானி தன்னையே தேற்றிக்கொண்டான்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து ரீம் வந்தாள். தூக்கக் கலக்கத்தில் சுவரைப் பிடித்து நடந்து வந்த குழந்தை, சல்ஹா கை நீட்டியும் போகாமல், அப்பனின் காலைக் கட்டிக்கொண்டது.

"வாப்பா, உம்மா என்ன வெளியில விட்டு அடச்சிட்டா. நான் கத்துனேன். நீங்கெல்லாம் சாப்பிட்டீங்க."

சல்ஹா இரண்டு கையாலும் முகத்தில் அறைந்துகொண்டாள். எத்தனை அடி என்று தெரியாது, நான் போய்க் கையைப் பிடிக்கும்வரை நிறுத்தவில்லை.

"சொல்லிட்டேன்! பலன் சொல்லிட்டேன்!" என்று கத்தினாள். "மிலாத் நினைச்ச மாதிரிதான் நானும் நினைச்சேன். பட்டிக்குள்ள இருக்கது சாவு. என் புள்ள உள்ள இருக்கு, என் புருஷன் உள்ள இருக்கு. வேற எவளாச்சும் அந்தப் பலனச் சொல்லிட்டா? அதான் நானே முந்திக்கிட்டேன். தொட்டில தலைய விட்டு, 'உள்ள இருக்கவங்க நல்லா இருப்பாங்க, வெளியில நிக்கிறதுதான் போகும்'னு சொன்னேன். நான் மட்டுந்தானே நின்னேன் வெளியில! என்னோட போகட்டும்னுதானே சொன்னேன்! இப்ப எம்புள்ளையக் கொண்டு போயி வெளியில நிறுத்திட்டேனே!"

ஜிலானி அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தொட்டி வாயருகே போய் நின்றான். மூடியைக் காலால் தள்ளினான். உள்ளே இருட்டில் கறுப்பாக ஒரு துண்டு வானம் தெரிந்தது.

"எறச்சிருவோம்" என்றான்.

"பைத்தியமா உனக்கு? மழை எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? இது போனா குடிக்கிறதுக்கு என்ன வச்சிருக்கே?" என்றேன்.

"அண்ணே, உங்களுக்குப் புள்ள இல்ல." சொன்ன பிறகு அவனுக்கே சுருக்கென்றது. "கோவிச்சுக்காதீங்க. கயிறப் பிடிங்க."

கோபித்துக்கொள்ளவில்லை. கயிற்றைப் பிடித்தேன். ஜிலானி குழந்தையை இறக்கிவிட்டு, உடுப்பை வரிந்து கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினான். இடுப்பளவு கிடந்தது தண்ணீர். அவன் மொண்டு கொடுக்க, மிலாத் இழுக்க, நான் வாங்கி வாசல் படியில் ஊற்றினேன். மிலாத் அன்று ஒரு கேலியும் பேசவில்லை. கை கொப்பளித்தது, எனக்கு முதுகு விட்டுப்போயிற்று. முதலில் ஊற்றினதையெல்லாம் காய்ந்த மண் குடித்துவிட்டது. பிறகு குடிக்க மாட்டேன் என்றது. தண்ணீர் தெருவில் இறங்கி, சுவரோரமாக வளைந்து, கீழே உப்புத்தரையைப் பார்த்து ஓடத் தொடங்கியது.

"இப்ப ஓடுது மதினி. போ. பலன் சொல்லாத, கனாவ மட்டும் சொல்லு" என்றான் மிலாத்.

சல்ஹா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு தண்ணீரின் கூடவே நடந்தாள். குனிந்தபடி, உதடு அசைய, தண்ணீரின் வேகத்துக்கு மெல்ல மெல்ல. ஒரு வருஷத்து மழை ஓடிக்கொண்டிருந்தது, இவள் அதனோடு பேசிக்கொண்டு போகிறாள். நான் வாளியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசாரச் சொல்கிறேன், போய்விட்டால் நல்லது என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன்.

தெருவில் தண்ணீர் ஓடினால் தெரு சும்மா இருக்குமா? முதலில் எதிர்வீட்டு மஹ்பூபா வந்தாள். மனசு நல்ல மனசு, வாய்தான் ஊர் வாய். அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் எல்லோரும் வாளியும் குடமுமாக வந்துவிட்டார்கள்.

"ஊரே நாக்கு வறண்டு கெடக்கு, இந்த மகராசி தெருவக் குளிப்பாட்டுதா!" என்றாள் மஹ்பூபா. "ஏட்டி சல்ஹா, வேண்டாம்னா எங்க வீட்டுத் தொட்டியில ஊத்தக் கூடாதா? வாங்கட்டி, மண்ணு குடிக்கிறத மனுஷன் குடிக்கட்டும்!"

பெண்கள் தெருவில் உட்கார்ந்து, பள்ளத்தில் தேங்கினதைக் கிண்ணத்தால் மொண்டு குடத்தில் ஊற்றத் தொடங்கினார்கள். சல்ஹா திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது. உண்மையைச் சொல்லித் தடுக்க முடியாது. கனவைச் சொன்னால் கேட்ட வாய்களில் ஏதாவது ஒன்று பலன் சொல்லும். சொல்லாவிட்டால் தெருவே வீட்டுக்குக் கொண்டு போய்க் குடிக்கும்.

"எடுக்காதீங்க! குடிக்காதீங்க!" என்று ஓடிவந்தாள். "எலி செத்துக் கெடந்துச்சு! தொட்டியில எலி! ஊறி, உப்பிப்போயி..."

இந்தத் தீவில் ஒருத்தி தன் தொட்டியில் எலி செத்தது என்று தெருவில் நின்று சொல்வது சாதாரணமில்லை. அவளுடைய பேத்தி கல்யாணத்திலும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். மூடி போடத் தெரியாதவள் என்பார்கள். சல்ஹா முற்றம் தீவிலேயே சுத்தமான முற்றம் என்று பெயர் வாங்கினது. அந்தப் பெயரை அவள் எடுத்து அப்படியே தெருவில் போட்டாள்.

"அய்யே!" "சீ!" என்று குடங்கள் கவிழ்ந்தன. ஒருத்தி வாந்தி எடுக்கப் போனாள். மஹ்பூபா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். வெயில் தாங்காமல் வந்ததும் வராததுமாக இரண்டு கை அள்ளிக் குடித்துவிட்டிருந்தாள். முகவாயில் தண்ணீர் இன்னும் சொட்டியது.

"தூ! தூ! முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதாட்டி? நான் குடிச்சிட்டேனே!"

"குடிச்சிட்டீங்களாக்கா?"

"இனிக் கேட்டு என்ன செய்ய? எலிக்காய்ச்சல் வந்து செத்தா உன் வீட்டு வாசல்லதான் கிடத்தச் சொல்லுவேன்" என்று வைதுகொண்டே போனாள்.

சல்ஹா அவள் முதுகைப் பார்த்தபடி நின்றாள். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை.

தொட்டியைத் துடைத்துச் சுண்ணாம்பு அடித்தோம். என் பாட்டில் தண்ணீர்ப் பெட்டிகளை எல்லாம் அவர்கள் அடுக்களையில் இறக்கி வைத்தேன். அன்று எல்லோரும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார்கள். யாருக்கும் கனவு வரவில்லை. ரீம் கோழி கூவின பிறகும் எழுந்திருக்காமல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜிலானி எழுந்தான். தம்பியைக் கூட்டிக்கொண்டு மட்டைகளைப் படகில் ஏற்றிப் பட்டி ஊன்றக் கிளம்பிப் போனான். போகும்போது சல்ஹா படி இறங்கி வந்து அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். அவன் சிரித்து, விடுவித்துக்கொண்டு போனான்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். சல்ஹா முற்றத்தில் வாற்கோதுமை மாவு பிசைந்துகொண்டு, நிமிஷத்துக்கு ஒருமுறை தெருவைப் பார்த்தாள். கடல் பக்கத்தைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவள் எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஹ்பூபா வந்தாள். சலாம் சொல்லவில்லை, எலியைப் பற்றியும் பேசவில்லை. முக்காடு கோணலாகக் கிடந்தது. சல்ஹாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"சல்ஹா, ஒரு கனாட்டி..."

நான் வழக்கமான வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தேன். சல்ஹா என்னைச் சொல்ல விடவில்லை. மாவுக் கையோடு பாய்ந்து மஹ்பூபாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் பயத்தைவிட அவசரம்தான் இருந்தது. வேறு எந்த வாயும் முந்திவிடக் கூடாது என்கிற அவசரம்.

"நல்ல கனாதான்க்கா! நாந்தான் முதல்ல சொல்லுதேன், கேட்டுக்கோங்க. உள்ள உக்காந்து சாப்பிடுறவங்களுக்கு வயிறு நிறையும். வெளியில நிக்கிறவங்களுக்கு ஆயுசு நிறையும். எத்தன பேரு நின்னாலும் சரி, பிள்ள நின்னாலும் சரி, அத்தன பேருக்கும் ஆயுசு. வெளியில நின்னா ஒண்ணும் ஆகாது. ஒண்ணுமே ஆகாது. நீங்க பயப்படாதீங்க!"

மஹ்பூபா மெல்லத் தன் கையை உருவிக்கொண்டாள். உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தாள்.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியேட்டி" என்றாள். "நான் வெளியில நின்னேன்னு உனக்கு யாரு சொன்னா?"